ஹாட்வெல் ஊருக்கான காற்று

யோகமலர் பேய்க் கதை சொல்லுகிற ஆள் இல்லை. கேட்கிற ஆளும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். முப்பத்தெட்டு வயது. வீட்டில் தனியே இருப்பாள், இருட்டுக்குப் பயப்படமாட்டாள். இதை அவள் வாய் திறந்து சொல்ல இரண்டு வருடம் எடுத்தது. சொன்னபோதும் ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டிச் சொன்னதால் வந்த வினைதான் இது என்பதால், அதன் பிறகு அவள் எதையும் கூட்டிச் சொல்வதில்லை.

நடந்தது 1996ஆம் ஆண்டு. ரொறன்ரோவில். பெப்ரவரி பதினேழாம் திகதிக்கும் மார்ச் பத்தொன்பதாம் திகதிக்கும் இடையில். நம்பாதவர்கள் நம்பாமல் விடலாம். அவளுக்கும் அதுதான் விருப்பம்.

அஜின்கோர்ட்டில் ஒரு சேலைக் கடைக்குக் கீழே, பேஸ்மென்றில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கிருந்து ஒரு தொலைபேசிச் சேவை நடந்தது. ஓர் இலக்கத்தை அழுத்தினால் பதிந்து வைத்த குரல் தமிழில் பேசும். ஊர்ச் செய்தி, மரண அறிவித்தல், விளம்பரம், கடைசியில் வானிலை. இராசரத்தினம் என்பவர் அதை நடத்தினார். வயதில் மூத்தவர்களும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள்.

வானிலை யோகமலரின் வேலை. ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு வருவாள். ஞாயிறும் வருவாள். அரசாங்கத்தின் வானிலை இலக்கத்தை எடுத்து ஆங்கிலத்தில் கேட்பாள். பென்சிலால் ஒரு கடதாசித் துண்டில் குறிப்பாள். தமிழாக்கிக் கசெற்றில் பதிந்து சரியாக ஐந்தரைக்கு மெசினில் போடுவாள். ஆறு மணி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போவாள்.

டிசெம்பர் மாதம் ஒருநாள் மரியரட்ணம் என்பவர் அந்த அறைக்கு வந்தார். பேப்பரில் சுற்றிய மீன் ஒன்றை மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, மழை சொல்லுறியள். ஸ்னோ சொல்லுறியள். காத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.”

“காத்து ஆருக்கண்ணை வேணும்?”

“எங்களுக்கு வேணும். ஐஸுக்கு மேல இருக்கிற ஆக்களுக்கு.”

மரியரட்ணம் யாழ்ப்பாணத்தில் கரையூர் ஆள். மூன்று தலைமுறையாகக் கடல். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் வானை எடுத்துக்கொண்டு வடக்கே சிம்கோ ஏரிக்குப் போவார். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்கி, பலகைக் குடிலுக்குள் இருந்து மீன் பிடிப்பார். அவரைப்போல ஏழெட்டுத் தமிழர்கள் போய்வந்தார்கள். எல்லாரும் ஹாட்வெல் என்ற ஊரின் வழியாகத்தான் ஏரிக்குள் இறங்குவார்கள். ஏரியின் தெற்குக் கரையில், ஒரு தேவாலயமும் இரண்டு தெருவும் உள்ள ஊர். முழுக்க முழுக்க இங்கிலிஷ்காரர். அங்கே தூண்டில் கடை வைத்திருந்த கிழவர் ஒருவர் அன்றன்றைய காற்றைத் தன் கடைத் தொலைபேசியில் பதிந்து வைப்பார். எடுத்தால் கேட்கலாம்.

“கேக்கலாம், விளங்காது” என்றார் மரியரட்ணம். “கிழவன் வாய்க்குள்ள வெத்திலை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி. நோர்த் எண்டுறானோ சவுத் எண்டுறானோ ஒரு கோதாரியும் பிடிபடாது. அது பிழைச்சால் ஆள் சரி.”

“ஏன்?”

“வடக்கில இருந்து அடிச்சால் ஐஸைக் கரையோட சேத்து அமத்தும். பயமில்லை. தெற்கில இருந்து அடிச்சால் கரையில இருந்து பிளந்து நடு ஏரிக்குக் கொண்டுபோகும். மேல இருக்கிற ஆளோட.”

இராசரத்தினம் மீனை விரித்துப் பார்த்தார். “கிழமைக்கு ஒரு மீன் இப்பிடி வந்தால் காத்தென்ன, சந்திரனில என்ன நடக்குது எண்டும் சொல்லுவம்.”

அன்றிலிருந்து வானிலையின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. ‘ஹாட்வெல் ஊருக்கான காற்று.’ யோகமலர் கிழவரின் இலக்கத்தை எடுப்பாள். கவனமாகக் கேட்பாள். தெற்கிலிருந்து இருபது, வடமேற்கிலிருந்து பதினைந்து என்று சொல்வாள். சில நாட்களில் மரியரட்ணம் அலுவலகப் போனுக்கும் எடுத்து, அந்த வரியைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்வார். எட்டுக் கிழமை அப்படிப் போனது.

பெப்ரவரி பதினாறு, வெள்ளிக்கிழமை. இராசரத்தினம் சொன்னார்:

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. உங்கட வாசிப்பு ரின் மீன் லேபிள் மாதிரிக் கிடக்கு. இவ்வளவு தமிழ் படிச்சனீங்கள். கொஞ்சம் எடுத்து விடுங்கோவன்.”

“வானிலையிலயோ?”

“ஏன், வானிலைக்குக் கசக்குமே?”

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே தைத்தது.

மறுநாள், பதினேழு, சனிக்கிழமை. காலை 5:14. கிழவரின் குரலைக் கேட்டுத் துண்டில் எழுதினாள். தெற்கு, 40. மத்தியானம் 60. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் இருபத்தைந்து.

பிறகு அதை அழகாக்கினாள்.

“ஹாட்வெல் ஊரில் இன்று எலும்பை ஊடுருவும் வாடை. மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் தொடங்கி நண்பகலில் அறுபதாகச் சீறும்.”

வசனம் நீண்டுவிட்டதால் தெற்கை எடுத்துவிட்டாள்.

அவள் பிறந்தது கோப்பாயில். தோட்டக் காணிகளுக்கு நடுவில். அங்கே வாடை என்றால் கூதல். மார்கழியில் போர்வைக்குள் புகுகிற குளிர். படித்த பாட்டுகளிலும் அவளுக்கு வாடை பிரிவில் வாட்டுகிற குளிர்தான்; திசையை அவள் எண்ணியதே இல்லை. கடற்கரையில் அந்தச் சொல்லுக்குக் குளிர் என்று பொருள் இல்லை. வாடை என்றால் வடக்குக் காற்று. தெற்கிலிருந்து வந்தால் அது சோழகம். குளிர்ந்தாலும் சோழகம், சுட்டாலும் சோழகம். கடலுக்குப் போகிறவன் காதில் வாடை என்று விழுந்தால் அவன் கம்பளியை நினைக்கமாட்டான். திசையை நினைப்பான்.

இது அவளுக்குத் தெரியாது.

5:30க்குக் கசெற்றை மெசினில் போட்டாள். பிறகு காதில் ஹெட்போனை மாட்டித் தன் குரலைத் தானே கேட்டாள். ‘சீறும்’ நன்றாக விழுந்திருந்தது. இன்னொரு தரம் கேட்டாள்.

5:31க்கு அலுவலகப் போன் அடித்தது. விளம்பரக்காரராக இருக்கும் என்று நினைத்தாள். தன் பதிவைக் கேட்டு முடியட்டும் என்று விட்டாள். ஆறு தரம் அடித்து ஓய்ந்தது.

அன்று ஸ்காபரோவில் ஒரு கலியாணம். மற்றத் தமிழர்கள் யாரும் ஏரிக்குப் போகவில்லை. ஹாட்வெல் காற்று அன்று ஒருவருக்குத்தான் தேவைப்பட்டது.

பன்னிரண்டே காலுக்குப் பனிக்கட்டி கரையிலிருந்து பிளந்தது. பக்கத்துக் குடிலில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் ஓடும்போது மரியரட்ணத்தின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். வெளியே பனிப் புகார். ஒரு முழத் தூரம் தெரியாது. அவர் கதவைத் திறந்து சிரித்தபடி சொன்னாராம்: “நோர்த் விண்ட். நோ ப்ரொப்ளம்.”

கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அவர்களை ஹெலிகொப்ரர் தூக்கியது. மரியரட்ணத்தைச் செவ்வாய்க்கிழமைதான் எடுத்தார்கள்.

செய்தி முதலில் வந்தது ஞாயிறு காலை. இராசரத்தினம் படியிறங்கி ஓடி வந்தார்.

“பிள்ளை, நேற்று நாங்கள் காத்து என்னெண்டு சொன்னனாங்கள்?”

யோகமலர் நேற்றைய கசெற்றின் மேல் அன்றைய வானிலையைப் பதிந்துகொண்டிருந்தாள். அது வழக்கம்தான். கை நிற்கவில்லை.

“தெற்கு எண்டுதான் சொன்னனான்.”

“பிறகு இந்த மனிசன் ஏன் போனது?”

“தெரியேல்ல அண்ணை.”

இரண்டு செக்கன்கூட எடுக்கவில்லை. அவர் மேலே போனதும் கோட்டுப் பையில் இருந்த, நேற்றுப் பென்சிலால் எழுதிய துண்டை எடுத்தாள். தெற்கு, 40. நாலாகக் கிழித்து வாயில் போட்டு விழுங்கினாள்.

வாடை என்றால் என்னவென்று அன்று மாலைதான் அவளுக்குத் தெரிந்தது. மன்னார்க்காரர் ஸிராஜ் சேலைக் கடை வாசலில் நின்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். “வாடை எண்டால் அவர் போவார். சோழகத்துக்கு எப்பிடிப் போவார்? மூளை கீளை பிசகிட்டுதோ?”

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இருபத்துநாலாம் திகதி இறுதிச் சடங்கு. மாதா கோயில் வாசலில் ஆண்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“கரையூரானுக்கு வடக்குத் தெற்கு தெரியேல்ல.”

“பாண் சுட்டுச் சுட்டுத் திசை மறந்து போச்சு.”

மரியரட்ணத்தின் மனைவி வேரோனிக்கா அவர்களைக் கடந்து போனார். தலை நிமிரவில்லை. யோகமலர் அவரின் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கையை விட்டுவிட்டாள்.

பெப்ரவரி இருபத்தாறு. திங்கட்கிழமை. காலை 5:31.

அலுவலகப் போன் அடித்தது.

எடுத்தாள். “வணக்கம்” என்றாள். பதில் இல்லை. ஓர் இரைச்சல். லைன் பிழை என்று நினைத்தாள். காதை அழுத்தி வைத்தாள். லைன் பிழை இல்லை. காற்று. மரமோ சுவரோ இல்லாத வெளியில், தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வருகிற காற்று.

வைத்துவிட்டாள்.

இருபத்தேழு. 5:32. அதே காற்று. இந்தத் தரம் அதற்குள் இன்னொரு சத்தம். க்ரீச்… க்ரீச்… பலகை பலகையோடு உரசுவதுபோல. வைத்துவிட்டாள். ஆட்கள் விளையாடுகிறார்கள் என்று தனக்குச் சொன்னாள்.

இருபத்தெட்டு. 5:33.

“தங்கச்சி…”

வைத்துவிட்டாள். றிசீவர் கையில் சில்லென்று இருந்தது. பேசுகிற பக்கத்துத் துளைகளில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. விரலால் தொட்டாள். உருகியது.

அறையில் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக் கைகளை அவள் சுருட்டி விட்டிருந்தாள்.

இருபத்தொன்பது. 5:34.

“தங்கச்சி… என்ன காத்து?”

குரலில் கோபம் இல்லை. அவசரம்கூட இல்லை. போகலாமா விடலாமா என்று யோசிக்கிற ஒருவர் கேட்கிற கேள்வி. அவளுக்கு அந்தக் குரல் தெரியும். எட்டுக் கிழமை கேட்ட குரல்.

அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. மெசினுக்கு மேலே சிவப்பு எழுத்து மணிக்கூடு. ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் பிந்தி வருகிறது.

ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். தெற்கு. அவ்வளவுதான். ஆனால் அதை வாயால் சொன்னால், அன்றைக்குச் சொல்லவில்லை என்று ஆகும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். அந்தக் குரலுக்குத் தெரியும். அவள் விரலை வைத்து லைனைத் துண்டித்தாள்.

மார்ச் ஒன்று. 5:35. “என்ன காத்து தங்கச்சி?” துண்டித்தாள்.

மார்ச் இரண்டு. 5:36. எடுக்கவில்லை. அடித்தது. நாற்பது தரம். ஐம்பது. மேலே சேலைக் கடை பூட்டிக் கிடந்தது. எழுபதாவது மணியில் றிசீவரைத் தூக்கி உடனே வைத்தாள். நின்றது.

மார்ச் நாலு. இராசரத்தினத்தை விடிய வரச் சொல்லியிருந்தாள். போனில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னாள். அவர் மங்கிக் குல்லாவோடு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். 5:38க்கு அடித்தது. அவரே எடுத்தார்.

“ஹலோ… ஹலோ… ஆரும் இல்லைப் பிள்ளை. வெறும் காத்துச் சத்தம். போன் கொம்பனிக்காரனுக்குச் சளி பிடிச்சிட்டுது.”

றிசீவரை அவளிடம் நீட்டினார். அவள் காதில் வைத்தாள்.

“தங்கச்சி… வெளிக்கிடட்டோ?”

“ஏன் முகம் வெளிறுது?” என்றார் இராசரத்தினம்.

“ஒண்டுமில்லை.”

வைத்துவிட்டாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்கவில்லை. அவரிடம் சொல்லியிருக்கலாம். அதையும் அவள் விட்டாள்.

இடம் மாறி வேறு வேலை தேடலாம் என்று யோசித்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு அங்கே வந்து நின்றாள். தான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது எடுத்து, அந்தக் குரல் அவர்களுக்குச் சொல்லிவிடுமோ என்ற பயம்.

மார்ச் எட்டு. ஹாட்வெல் வரியை நிறுத்திவிட்டிருந்தாலும், பழக்கத்தில் கை கிழவரின் இலக்கத்தை அழுத்திவிட்டது. பதிந்த குரல் வந்தது. பெப்ரவரி பதினேழு, சனிக்கிழமை. தெற்கிலிருந்து நாற்பது. கிழவர் அந்த விபத்துக்குப் பிறகு கடையைப் பூட்டியிருந்தார் என்று பிறகு அறிந்தாள். புதிதாக அவர் ஒன்றும் பதியவில்லை. ஒரு சொல் பிசகாமல், அன்றைக்குச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சரியாகத்தான் சொன்னார்.

நாட்கள் போயின. 5:44. 5:45. 5:46. குரல் மாறத் தொடங்கியது. காற்று கூடிக்கொண்டு வந்தது. பலகைச் சத்தம் கூடியது. “தங்கச்சி” என்பது மட்டும் கேட்கும். மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். பதினேழாம் திகதி, 5:51க்கு, சொல்லே இல்லை. மூச்சு மட்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மீன் கடையில் நின்றாள். முன்னால் இரண்டு இளந்தாரிகள். ஒருவன் வெளியே காரை எந்தப் பக்கம் விட்டது என்று தெரியாமல் தடுமாறினான். மற்றவன் தோளில் தட்டினான்.

“டேய் நோர்த் விண்ட்! அங்கால் பக்கமடா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது ஒரு பகிடிப் பெயராகிவிட்டது.

அவர்களுக்குப் பின்னால், வரிசையில், வேரோனிக்கா நின்றார். கையில், இன்னும் காசு கட்டாத மீன் பை. முகத்தில் ஒன்றும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், கதவைத் திறந்துகொண்டு போனார்.

அந்த இரவு யோகமலர் படுக்கவில்லை.

மார்ச் பதினெட்டு. திங்கட்கிழமை.

5:30. கசெற்றைப் போட்டாள். கதிரையைப் போனுக்கு முன்னால் இழுத்தாள். இருந்தாள்.

5:40.

5:50. அறை குளிர்ந்தது. ஹீற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

5:51. கையை றிசீவரின் மேல் வைத்தாள்.

5:52.

அடித்தது.

எடுத்தாள்.

காற்று… காதைப் பிய்க்கிற காற்று. பலகை முறிகிற சத்தம்.

“அண்ணை…” என்றாள்.

காற்று.

“சோழகம் அண்ணை… வாடை இல்லை. சோழகம்.”

காற்று.

“நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். போகாதேங்கோ. ஏரிக்குப் போகாதேங்கோ அண்ணை…”

அழுதாள். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

காற்று நின்றது.

ஒரேயடியாக.

அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு வீடு. ஒரு சுவர் மணிக்கூடு. ரிக்… ரிக்… எங்கோ குளிர்சாதனப் பெட்டி முனகியது.

பிறகு ஒரு பெண் குரல். தூக்கம் கலையாத குரல்.

“ஆரது?”

லைன் அறுந்தது.

அன்று பின்னேரம் தொழிற்சாலையிலிருந்து நேரே வேரோனிக்காவின் அப்பாட்மென்ற்றுக்குப் போனாள். பதினோராம் மாடி. வேரோனிக்கா கதவைத் திறந்தார். கேள்வி கேட்கவில்லை. தேத்தண்ணி போட்டார். யோகமலர் கோப்பையைத் தொடாமல் சொன்னாள். வாடை என்ற சொல்லை. கோப்பாயை. கசெற்றை. விழுங்கிய துண்டை. இராசரத்தினத்துக்குச் சொன்ன பொய்யை. போன் வருவதை மட்டும் சொல்லவில்லை.

வேரோனிக்கா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“அப்ப அவர் வாடை எண்டு கேட்டுத்தான் போனவர்.”

“ஓம் அக்கா.”

“அவர் பிழை விடேல்ல.”

“இல்லை. பிழை என்ர. நாளைக்கு விடிய லைனில சொல்லுறன். பேரைச் சொல்லிச் சொல்லுறன்.”

“சொல்லுங்கோ” என்றார் வேரோனிக்கா. “மகன் பள்ளிக்கூடத்தில அடிபட்டுக்கொண்டு வாறான். நோர்த் விண்டின்ர மகன் எண்டுறாங்களாம்.”

அவர் அழவில்லை. ஏசவும் இல்லை. எழுந்து ஜன்னலடிக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

“நானும் ஒண்டு ஆருக்கும் சொல்லேல்ல. அண்டைக்கு விடிய இஞ்ச ஒரு போன் வந்தது. அவர் ஏரிக்கு வெளிக்கிட்ட பிறகு. நான் நித்திரைத் தூக்கத்தில எடுத்தன். ஒரு பொம்பிளை. ஒரே அழுகை. அண்ணை, அண்ணை எண்டுறாள். போகாதேங்கோ எண்டுறாள். அவள் சொன்ன மற்றதொண்டும் என்ர காதில ஏறேல்ல. ஆரது எண்டு கேட்டன். கட் பண்ணிப்போட்டாள்.”

யோகமலர் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு வேற எண்ணம் வந்திட்டுது” என்றார் வேரோனிக்கா. “விடியக் காத்தால என்ர புருசனை நினைச்சு ஒரு பொம்பிளை அழுகிறாள். நான் என்னெண்டு நினைப்பன்? அவர் வரட்டும், கேக்கிறன் எண்டு மணியைப் பாத்து வைச்சனான். ஐஞ்சு ஐம்பத்திரண்டு.”

சுவரில் மணிக்கூடு அடித்துக்கொண்டிருந்தது. ரிக்… ரிக்…

“அவர்… எத்தினை மணிக்கு வெளிக்கிட்டவர் அக்கா?”

“எப்பவும் ஐஞ்சே முக்கால். ஒரு நிமிசம் முந்தமாட்டார், பிந்தமாட்டார். வானை ஸ்ராட் பண்ணுற சத்தம் கேட்டனான்.” திரும்பிப் பார்த்தார். “ஏழு நிமிசம் முந்தி எடுத்திருந்தால் அவரே எடுத்திருப்பார்.”

பிறகு யோகமலரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“உங்கட குரல் மாதிரித்தான் இருந்தது.”

மறுநாள் காலை யோகமலர் தன் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் பதிந்தாள். மரியரட்ணத்துக்குத் திசை தெரியும், தெரியாதது தனக்குத்தான் என்றாள். 5:30க்கு மெசினில் போட்டாள். இராசரத்தினம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

5:53.

போன் அடிக்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் விடியற்காலையில் அது அடிக்கவில்லை.

அந்த அமைதியில்தான் அவள் விரல் மடித்து எண்ணினாள். முதல் நாள் 5:31, பதினேழாம் திகதி அவள் எடுக்காமல் விட்ட போனின் அதே நிமிடம். ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம். அவர் வீட்டை விட்டு இறங்கியது 5:45க்கு. பெப்ரவரி இருபத்தாறு தொடக்கம் மார்ச் பத்து வரை.

பதினான்கு காலைகள்.

சொல்லியிருந்தால், பதினான்கு காலையும் அந்தச் சொல் அந்தச் சனிக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதினான்கு காலையும் அவர் வீட்டில்தான் இருந்தார்.